விற்ற ஆப்ஷனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளுக்கு ஆண்டில் இரண்டு மூன்று மாதம்தான் கொதிப்பு. மே கடைசியில் தொடங்கி ஜூலை வரை பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். ஏற்றுமதிக்காரர்கள் அதைத் தோத்தாபுரி என்பார்கள். காய் விலை, கூலி, டீசல், மின்கட்டணம் என்று செலவெல்லாம் ரூபாயில், அந்த மாதங்களிலேயே. கூழ் டிரம்களில் அடைபட்டு, கப்பலேறி, வளைகுடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போய் டாலர் கைக்கு வர மாதக்கணக்காகும். ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடில்களில் பிப்ரவரி 14-ஐக் குறிவைத்து ரோஜா வளர்ப்பவருக்கும், சிப்காட்டில் வெளிநாட்டு வண்டிகளுக்குப் பாகம் கடைந்து தருபவருக்கும் இதே நிலைதான். செலவு இன்றைய ரூபாயில். வரவு என்றோ வரப்போகும் டாலரில்.

நடுவில் டாலர் சும்மா இருப்பதில்லை. 2007 தொடக்கத்தில் 44 ரூபாய்க்கு மேலிருந்த டாலர் அதே ஆண்டு நவம்பரில் 40-க்குக் கீழே இறங்கியது. ஏற்றுமதியாளர்களில் பலருக்கு அந்த ஆண்டு லாபம் முழுவதும் அந்த வித்தியாசத்திலேயே கரைந்தது. 2013 மே மாதம் 55-ஐ ஒட்டியிருந்தது ஆகஸ்ட் கடைசியில் 68-ஐத் தொட்டது. அப்போது கையில் டாலர் வைத்திருந்தவர் சிரித்தார். இரண்டில் எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் ஆகாது. அதனால்தான் இந்த ஊர்களின் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு வங்கியின் கருவூலப் பிரிவிலிருந்து அடிக்கடி அழைப்பு வருகிறது.

அங்கே எளிய சரக்கு ஃபார்வர்டு ஒப்பந்தம். இன்ன தேதியில், இன்ன விலைக்கு, இவ்வளவு டாலர் தருகிறேன் என்று இன்றே எழுதிக் கொடுத்துவிடுவது. அடுத்தது ஆப்ஷன். குறித்த விலையில் விற்கும் உரிமை புட் ஆப்ஷன். குறித்த விலையில் வாங்கும் உரிமை கால் ஆப்ஷன். அந்தக் குறித்த விலைக்குப் பெயர் ஸ்ட்ரைக். உரிமை வாங்கியவருக்கு, கடமை விற்றவருக்கு. உரிமைக்காகக் கொடுக்கும் பிரீமியம் திரும்பி வராது. மாமரம் பூத்ததுமே தோப்பைப் பார்த்து விலை பேசி முன்பணம் கொடுக்கும் வியாபாரியை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சரிப்படாவிட்டால் முன்பணத்தை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று பேச்சு இருந்தால், அவர் கையில் இருப்பது கால் ஆப்ஷன். தோப்புக்காரர் அதை விற்றவர். விற்றவரிடம் தோப்பு இருக்கிறது என்பதை இங்கேயே கவனித்துக்கொள்ள வேண்டும்.

புட் ஆப்ஷன் நல்ல காப்பு, ஆனால் பிரீமியம் கசக்கும். டாலர் ஒருவேளை இறங்காமலே போனால் அந்தப் பணம் வீண் என்று கணக்குப்பிள்ளை முணுமுணுப்பார். அதற்கு வங்கி சொல்லும் வழிதான் காலையும் புட்டையும் சேர்த்துக் கட்டுவது. கணக்குக்காக டாலர் இன்று 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் 1,00,000 டாலர் வரவேண்டிய நிறுவனம் 84 ரூபாய்க்கு விற்கும் புட் ஆப்ஷனை வங்கியிடம் வாங்குகிறது. கூடவே 87 ரூபாய்க்கு வாங்கும் கால் ஆப்ஷனை அதே வங்கிக்கு விற்கிறது. வர வேண்டிய பிரீமியமும் கொடுக்க வேண்டிய பிரீமியமும் சமமாகிப்போனால் கையிலிருந்து ஒரு காசும் போவதில்லை. டாலர் 81-க்கு விழுந்தாலும் நிறுவனத்துக்கு 84 கிடைக்கும். மூன்று லட்சம் தப்பியது. 90-க்கு ஏறினால் 87-க்குக் கொடுத்தாக வேண்டும். மூன்று லட்சம் கிடைக்காமல் போனது. இரண்டுக்கும் நடுவில் நின்றால் சந்தை விலை. வங்கிகள் இதை ரேஞ்ச் ஃபார்வர்டு என்கின்றன. பங்குச் சந்தையில் பெயர் காலர்.

84-ஐயும் 87-ஐயும் நெருக்கிக்கொண்டே வந்து ஒரே விலையில் நிறுத்தினால் அது வெறும் ஃபார்வர்டு ஆகிவிடும். ஒரே ஸ்ட்ரைக்கில் புட்டை வாங்கிக் காலை விற்பதும், அந்த விலைக்கு விற்பதாக எழுதிக் கொடுப்பதும் ஒன்றுதான். இந்தச் சமன்பாடு பின்னால் வேறோர் இடத்தில் உதவும். இன்னொன்று: இங்கே வட்டி அமெரிக்காவைவிட வழக்கமாக அதிகம் என்பதால், மூன்று மாதம் கழித்துத் தரும் டாலருக்கு இன்றைய விலையைவிடச் சற்றுக் கூடுதல் விலை கிடைக்கும். ஆகவே இந்தக் கட்டில் ஏற்றுமதியாளர் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. இறக்குமதியாளருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

மேலே சொன்ன கட்டில் 90-க்கு ஏறியபோது போன மூன்று லட்சம், கிடைக்காமல் போன பணம்; கையிலிருந்து போன பணம் அல்ல. விற்ற காலுக்குப் பின்னால் கூழ் விற்ற டாலர் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. இப்போது கொஞ்சம் மாற்றுவோம். “84 எதற்கு, 85-க்கே காப்புத் தருகிறோம். நீங்கள் இரண்டு லட்சம் டாலருக்குக் கால் விற்றால் போதும்” என்று வங்கி அதிகாரி சொல்கிறார். செலவு இதிலும் சுழியம், காப்போ இன்னும் உயரம். ஆனால் டாலர் 90-க்குப் போனால் முதல் லட்சத்துக்குச் சரக்கு உண்டு. இரண்டாவது லட்சத்தைச் சந்தையில் 90-க்கு வாங்கி 87-க்குக் கொடுக்க வேண்டும். இந்த மூன்று லட்சம் ஆலையின் கல்லாவிலிருந்து போகும். ஒரே தாளில், ஒரே எழுத்தில், முதல் பாதி காப்பு, அடுத்த பாதி சூது.

இது கற்பனைக் கணக்குதான், ஆனால் கதை நடந்த கதை. ரூபாய்க்கும் அந்நியச் செலாவணிக்குமான ஆப்ஷன்களை ரிசர்வ் வங்கி 2003 ஜூலையில் அனுமதித்தது. நான்கே ஆண்டில் திருப்பூர், கோவை ஏற்றுமதியாளர்கள் பலர் ‘ஜீரோ காஸ்ட்’ என்ற பெயரில் கூடுகூடாகக் கட்டிய ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். சிலவற்றில் ரூபாயே இல்லை. டாலருக்கும் யென்னுக்கும், டாலருக்கும் சுவிஸ் ஃப்ராங்குக்கும் நடுவிலான பந்தயம் அவை. வடிவம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: விலை ஓர் எல்லைக்குள் நின்றால் சிறு தொகை வரவு; எல்லையைத் தொட்டுவிட்டால் பெருந்தொகைக்குக் கடமை. 2008 மார்ச்சில் சுவிஸ் ஃப்ராங்க் வரலாற்றில் முதன்முறையாக டாலரையே விஞ்சியது. எல்லைகள் வரிசையாக உடைந்தன.

கோவையைச் சேர்ந்த ராஜஸ்ரீ சுகர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் 2007 ஜூனில் ஆக்சிஸ் வங்கியுடன் செய்துகொண்ட டாலர் - ஃப்ராங்க் ஒப்பந்தம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு செல்லாது என்று சொல்லும் பந்தயமே என்பது நிறுவனத்தின் வாதம். 2008 அக்டோபரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அதை ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 2006-இல் சேர்க்கப்பட்ட 45வி பிரிவு, ஒரு தரப்பு வங்கியாக இருக்கும் இத்தகைய ஒப்பந்தங்களுக்குச் சட்ட வலு தருகிறது. தவிர, லாபம் வந்த ஒப்பந்தங்களில் பணத்தை வாங்கிக்கொண்டு, நட்டம் வந்ததும் சூது என்பது எடுபடவில்லை. தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். கையெழுத்திட்டவர்கள் விவரம் தெரிந்த நிறுவனங்கள். ஆனால் விற்றவர்கள் சுத்தமானவர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. தலைக்கு 5 முதல் 15 லட்சம் ரூபாய். ஒரே ஒப்பந்தத்தில் கோடிக்கணக்கில் இழந்த ஏற்றுமதியாளர் அந்தத் தொகையைப் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

அபராதத்தைவிட 2010 டிசம்பரில் அதே ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிமுறை முக்கியமானது. வாடிக்கையாளர் தனியாக ஆப்ஷன் விற்கக் கூடாது. வாங்கியும் விற்றும் செலவைக் குறைக்கும் கூட்டு அமைக்கலாம், ஆனால் மொத்தத்தில் பிரீமியம் வரவாக இருக்கக் கூடாது. ஒன்றுக்கு இரண்டாகப் பெருக்கும் கட்டு, எல்லையைத் தொட்டால் விழித்துக்கொள்ளும் கட்டு, இரண்டும் கூடாது. அனுமதித்த கூட்டும் எல்லா நிறுவனங்களுக்கும் கிடையாது. சரக்கு இருக்கும் அளவுக்கு மட்டும் விற்றுக்கொள் என்பதைத்தான் அந்த வறண்ட மொழி சொல்கிறது. விதிகள் பிறகு பலமுறை மாறின. இந்தக் கரு மாறவில்லை.

ஆலை முதலாளியின் கதை இவ்வளவு. அதே ஆலையில் வேலை பார்ப்பவரின் கதை வேறு.

செவ்வாய்க்கிழமை மதியம் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் முதல் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் நாலைந்து பேராவது டீக்கடை ஓரமாக ஒதுங்கி போனை நோண்டுவதைப் பார்க்கலாம். திரையில் நடுவில் ஸ்ட்ரைக் விலைகள், இடப்பக்கம் கால், வலப்பக்கம் புட். சிவப்பும் பச்சையும் மாறி மாறி ஒளிரும். பங்குக் குறியீடான நிஃப்டியின் வார ஆப்ஷன்கள் முடியும் நாள், அதாவது எக்ஸ்பைரி, 2025 செப்டம்பரிலிருந்து செவ்வாய்க்கு மாறிவிட்டது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த அந்தப் பேச்சில் “சிஇ”, “பிஇ”, “தீட்டா”, “ஸ்ட்ராடில் போட்டு உக்காந்துட்டேன்” என்பவை தனியாகக் கேட்கும். நாலு மணிநேரத்தில் இரண்டு ரூபாய் ஆப்ஷன் இருபதானால் ‘ஜீரோ ஹீரோ’.

ஸ்ட்ராடில் என்பது ஒரே ஸ்ட்ரைக்கில் காலும் புட்டும். இரண்டையும் வாங்கினால், சந்தை எந்தப் பக்கமாவது பலமாக ஓட வேண்டும். இரண்டையும் விற்றால், அது நகராமல் கிடக்க வேண்டும். நிஃப்டி 25,000, கால் 120, புட் 110 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் விற்றால் 230 புள்ளி வரவு. 2024 நவம்பர் முதல் 2025 கடைசி வரை ஒரு லாட், அதாவது ஓர் ஒப்பந்தத்தின் அளவு, 75; அந்த லாட்டுக்கு 17,250 ரூபாய். எக்ஸ்பைரியில் நிஃப்டி 24,770-க்கும் 25,230-க்கும் இடையே முடிந்தால் ஏதோ ஒரு லாபம்; தாண்டினால் ஒவ்வொரு புள்ளிக்கும் 75 ரூபாய் கையிலிருந்து. ஸ்ட்ரைக்குகளை விலக்கி, மேலே ஒரு கால், கீழே ஒரு புட் என்று விற்றால் அது ஸ்ட்ராங்கிள்: வரவு குறைவு, இடம் அதிகம். அதற்கும் அப்பால் ஒரு காலும் ஒரு புட்டும் வாங்கி வேலி போட்டால் அயர்ன் காண்டோர்: நட்டத்துக்கு ஓர் எல்லை கிடைக்கும். 2020 ஜூனில் மார்ஜின் (தரகரிடம் கட்டிவைக்கும் ஈட்டுத்தொகை) விதி மாறி, வேலி போட்டவருக்கு மார்ஜின் வெகுவாகக் குறைந்ததும் இந்த வடிவங்கள் எல்லா செயலிகளிலும் ஒரே தட்டலில் கிடைக்கும் பொருளாகிவிட்டன.

வெறுமனே விற்பதில்தான் மயக்கம் அதிகம். வாங்குபவர் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பார். விற்பவரோ வாரா வாரம் கொஞ்சம் சம்பாதிப்பார். பத்து வாரம் தொடர்ந்து வந்தால் அது திறமையாகவே தோன்றும். ஆனால் அந்தப் பணம் எதற்காகக் கிடைத்தது? எப்போதோ வரப்போகும் பெரிய அசைவின் பாரத்தைத் தாங்குவதற்கான கூலி அது. மக்களவைத் தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4 அன்று நிஃப்டி 23,263.90-இலிருந்து 21,884.50-க்கு விழுந்தது. 1,379 புள்ளி. அப்போதைய லாட் 25-தான். முந்தைய நாள் விலையை ஒட்டி ஸ்ட்ராடில் விற்றவருக்கு, வாங்கிய பிரீமியத்தைக் கழிப்பதற்குமுன், லாட்டுக்கு 34,000 ரூபாய்க்கு மேல் எதிர்ப்பக்கம். வேடிக்கை என்னவென்றால், இரண்டு நாள் கழித்து எக்ஸ்பைரியன்று சந்தை 22,821-க்கு மீண்டுவிட்டது. அதுவரை தாக்குப்பிடித்திருந்தால் அடியில் பெரும்பங்கு பிரீமியத்திலேயே சரிக்கட்டியிருக்கும். ஆனால் மார்ஜின் போதாமல் நான்காம் தேதியே தரகரின் கணினி கணக்கை முடித்தவர்களுக்கு ஆறாம் தேதி என்று ஒன்று கிடையாது. எடுத்த நிலைப்பாடு சரியா தவறா என்பதைவிட, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பின்னால் ஏதாவது உண்டா என்பதே அங்கே தீர்மானித்தது.

உலகம் இதைப் பெரிய அளவில் முன்பே பார்த்திருக்கிறது. சிங்கப்பூரில் பேரிங்ஸ் வங்கியின் நிக் லீசன், மறைத்து வைத்த கணக்கில் ஜப்பானின் நிக்கேய் குறியீட்டு ஸ்ட்ராடில்களை விற்றுக் குவித்திருந்தார். சந்தை அசையாது என்பது அவர் கணக்கு. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரில் பூமியே அசைந்தது. சந்தை சரியச் சரிய, அதைத் தூக்கி நிறுத்தப் பார்த்து மேலும் வாங்கினார். நட்டம் 82.7 கோடி பவுண்டு. இருநூறு ஆண்டுப் பழைய வங்கியை ஐஎன்ஜி ஒரு பவுண்டுக்கு எடுத்துக்கொண்டது.

நம் ஊர்க் கணக்கை, பங்குச் சந்தையின் மேற்பார்வை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தை ஃப்யூச்சர், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கடைசி ஆண்டில் ஈடுபட்டவர்களில் 43 விழுக்காட்டினர் 30 வயதுக்குக் கீழே. முக்கால்வாசிப் பேர் காட்டிய ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் முதல் 30 பெருநகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். இளைஞர், சம்பளக்காரர், இரண்டாம் கட்ட நகரம் என்ற இந்த வருணனையைப் படித்தால் ஓசூர் ஷிப்ட் பஸ்ஸின் முகங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. மறுபக்கத்தில் அதே ஆண்டில் தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்குகளும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும், செலவு கழிக்காமல், முறையே 33,000 கோடியும் 28,000 கோடியும் சம்பாதித்தார்கள். வெளிநாட்டாரின் லாபத்தில் ஏறக்குறைய முழுவதும் கணினி நிரல்களின் வழியே வந்தது.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு, அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் குழுமத்தின்மீது செபி 2025 ஜூலை 3 அன்று பிறப்பித்த இடைக்கால உத்தரவில் ஒரு நாள் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. 2024 ஜனவரி 17. வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டி பலத்த சரிவோடு திறந்தது. உத்தரவின்படி, அக்குழுமம் காலையில் வங்கிப் பங்குகளையும் ஃப்யூச்சர்களையும் சுமார் 4,370 கோடிக்கு வாங்கிக் குறியீட்டைத் தாங்கியது. அந்த நேரத்திலேயே ஆப்ஷன் சந்தையில் காலை விற்றுப் புட்டை வாங்கி, அதைப்போல ஏழு மடங்கு பெரிய நிலையை எதிர்த்திசையில் எடுத்தது. முன்பு பார்த்த சமன்பாடு இதுதான்: புட் வாங்கிக் கால் விற்றால் அது விற்பனைக்குச் சமம். பிற்பகலில் பங்குகளைத் திருப்பி விற்றபோது 61 கோடி சொச்சம் நட்டம். ஆப்ஷனில் 734 கோடி லாபம். அன்று பேங்க் நிஃப்டி ஆப்ஷன்களின் வர்த்தக மதிப்பு, அதிலுள்ள பங்குகளின் வர்த்தகத்தைப்போல 353 மடங்கு என்கிறது செபி. 4,843 கோடி ரூபாயை முடக்கச் சொன்னது. குற்றச்சாட்டை மறுக்கும் நிறுவனம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது. தீர்ப்பு எப்படியும் வரட்டும். வேரைப்போல 353 மடங்கு பருத்த மரத்தில் வேரை அசைத்தவருக்குக் கனி கொட்டியதாகச் சொல்வது ஆச்சரியமில்லை.

ஒரே நாட்டின் இரண்டு மேற்பார்வை அமைப்புகள் ஒரே கருவியை இரண்டு விதமாகப் பார்க்கின்றன. ரூபாய் - டாலர் ஆப்ஷன் என்எஸ்இ-யில் 2010 முதல் உண்டு. யார் வேண்டுமானாலும் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜனவரி 5 சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி, உண்மையான டாலர் வரவோ செலவோ உள்ளவருக்குத்தான் இது என்று அழுத்திச் சொன்னது. 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் சரக்கு இருந்தாக வேண்டும். தரகர்கள் பதறினார்கள். நடைமுறைத் தேதியை ரிசர்வ் வங்கி ஏப்ரலிலிருந்து மே 3-க்குத் தள்ளி வைத்தது. அதற்குப்பின் அந்தச் சந்தை சுருங்கிக் கிடக்கிறது. மாங்கூழ் ஆலையிடம் கேட்கும் கேள்வியை நிஃப்டி சந்தையில் யாரிடமும் கேட்பதில்லை. செபி 2024 அக்டோபரில் எடுத்த நடவடிக்கைகளும் வேறு வகை: குறைந்தபட்ச ஒப்பந்த மதிப்பு 15 லட்சத்துக்கு உயர்ந்தது, ஒரு சந்தைக்கு ஒரு வார எக்ஸ்பைரிதான், எக்ஸ்பைரி நாளில் ஆப்ஷன் விற்றவருக்குக் கூடுதலாக 2 விழுக்காடு மார்ஜின். வாசல் உயர்ந்தது, கேள்வி எழவில்லை. 2024-25-க்கான ஆய்விலும் தனிநபர்களில் 91 விழுக்காடு நட்டம்தான், தொகை 1.05 லட்சம் கோடி.

குறியீட்டு ஆப்ஷனில் அந்தக் கேள்வியைக் கேட்டால் சந்தையே நின்றுவிடும், விலை கண்டுபிடிக்க ஊக வணிகரும் வேண்டும் என்ற மறுப்பு உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஏற்றுமதியாளர் விற்க வரும் காலை யாராவது வாங்கித்தானே ஆக வேண்டும். ஆனால் பாரத்தைத் தாங்க வருபவர் தாங்கும் தோள் உள்ளவராக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஐந்து லட்சம் சம்பளத்தில் அந்தத் தோள் இல்லை.

ஓசூர் போன்ற கர்நாடக எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. நாட்டின் பெரிய தரகுச் செயலிகளில் சிலவற்றின் தலைமையகம் அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரில். ஓசூர்க்காரர் ஒரு ஆப்ஷனை வாங்கினால் தரகுக் கட்டணம் எல்லை கடந்து போகிறது. முத்திரைத்தாள் வரி மட்டும், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வாங்குபவரின் முகவரி எந்த மாநிலமோ அங்கே வருகிறது: பிரீமியத்தில் 0.003 விழுக்காடு. லட்சம் ரூபாய் பிரீமியத்துக்குத் தமிழ்நாட்டுக் கஜானாவுக்கு மூன்று ரூபாய்.

காலும் புட்டும் சேர்ந்த கட்டு சம்பளக்காரருக்கு எந்த வகையிலும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஓசூரின் பழைய குடும்பங்களில் டைட்டன், அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார் பங்குகளை ஆண்டாண்டாக வைத்திருப்பவர்கள் உண்டு. மூன்றுக்கும் என்எஸ்இ-யில் ஆப்ஷன் உண்டு. ஆறு மாதத்தில் மகள் கல்யாணத்துக்காக விற்கப்போகும் பங்கு, அதற்குள் விழுந்துவிடுமோ என்று பயந்தால், ஒரு லாட் அளவுக்குப் பங்கு இருக்கும் பட்சத்தில், மாதா மாதம் கீழே ஒரு புட் வாங்கி மேலே ஒரு கால் விற்றுக்கொள்ளலாம். தொலைதூர மாதங்களில் வாங்குவோர் விற்போர் குறைவு; விலை வித்தியாசம் கடிக்கும். அதனால்தான் மாதா மாதம். குறியீட்டு ஆப்ஷனைப்போல இது பணத்தில் தீராது. 2019 அக்டோபரிலிருந்து தனிப் பங்கு ஆப்ஷன்கள் எல்லாம் பங்கையே கைமாற்றித்தான் முடிகின்றன. விலை ஏறி, விற்ற கால் எக்ஸ்பைரியில் உயிரோடு இருந்தால் டிமேட் கணக்கிலிருந்து பங்கு போகும். பேசிய விலை வரும். பங்கில்லாமல் அதே காலை விற்றவர் சந்தையில் வாங்கித் தர வேண்டும். தவறினால் அவர் பெயரில் ஏலம் நடக்கும், ஏல விலை என்னவோ அதை அவர் கட்டுவார்.